மருமகள் சொல்

ஹௌவிக்,
14 பிப்ரவரி 1999

அன்புள்ள அண்ணி மாசோண்டிக்கு,

நான் இங்கே மூச்சோடு இருக்கிறேன், அங்கே எப்படியோ தெரியவில்லை. அப்பாவின் முழங்கால் வலி இறங்கியதா? மாடுகளுக்குப் புல் கிடைக்கிறதா?

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இங்கே பானைக் கலைஞர்களாகப் பார்த்துப் பொறுக்கி, அறையும் சாப்பாடும் சூளையும் கொடுத்து, வேலையைப் பார் என்று விட்டுவிடுகிறார்கள். ரெசிடென்சி என்று பேர். அப்பாவிடம் சொன்னபோது "பள்ளிக்கூடமா, ஜெயிலா?" என்று கேட்டார், நினைவிருக்கிறதா? இரண்டும் இல்லை. லாகோஸிலிருந்து ஒருவர், மபுட்டோவிலிருந்து ஒரு பெண், கம்பாலாவிலிருந்து இரண்டு பேர், அப்புறம் நான். ஜூலை 24 கண்காட்சி. அன்றைக்கு ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, இன்னும் ஒரு வருடம் இங்கேயே வைத்துக்கொள்வார்கள்.

அதனால் ஓர் உதவி. பானை செய்ய இங்கே பையில் அடைத்த மண் தருகிறார்கள், கைக்கே ஒட்டவில்லை. நம் குழியிலிருந்து மூன்று சாக்கு இபும்பா மண் வெட்டி, டாக்சிக்காரர் மூசியிடம் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று: பானையின் மேல் அழகுக்காக நான் வைக்கிற மரு எல்லாம் காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. உங்கள் பானையில் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது? ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விவரமாக எழுதுங்கள். வாயால் சொல்வதுபோலவே எழுதினால் போதும்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்,
பஜபுலிலே


துகேலா ஃபெரி,
3 மார்ச் 1999

பஜபுலிலேவுக்கு,

நாங்களும் மூச்சோடுதான் இருக்கிறோம். பெரியவர் முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்புத் தடவிக்கொள்கிறார். மாடுகள் பரவாயில்லை.

மூன்று சாக்கும் மூசியின் வண்டியில் ஏறிவிட்டன. அவன் முணுமுணுத்தது நூறு தடவை இருக்கும்.

நீ கேட்டதை எழுதுகிறேன். வெட்டின உம்னெதோவை வெயிலில் ஒரு வாரம் போடு. கல்லில் அரைத்துச் சல்லடையில் சலி. சாம்பல் நிறம் இரண்டு பங்கு, சிவப்பு ஒரு பங்கு. தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரச் சாக்கால் மூடி, உம்னெதோவை அது பாட்டுக்குத் தூங்க விடு. பத்து நாளாவது தூங்க வேண்டும். அப்புறம் திரி திரியாக உருட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக எழுப்பு. மருவைத் தனியாக உருட்டி மேலே ஒட்டாதே; உள்ளே ஒரு விரலை வைத்துத் தாங்கிக்கொண்டு, பானையின் உடம்பிலிருந்தே கிள்ளி எடு. பிறத்தியார் உம்னெதோ என்றைக்கும் ஒட்டாது, தன் உடம்பாக இருந்தால்தான் நிற்கும். காய்ந்த கற்றாழை மடலும் சாணமும் போட்டுச் சுடு. கறுப்பேற்ற இன்னொரு தடவை புகையில் வை.

சின்ன வயதிலிருந்து நீ பார்த்த வேலைதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுதான் இல்லை. பானை செய்யத் தெரிந்தவர்களுக்குத்தானே அந்த இடம்? உன்னை எப்படி எடுத்தார்கள்? சும்மாதான் கேட்கிறேன், மூக்கின்மேல் கோபம் வேண்டாம்.

ஜனவரியில் டர்பனில் யாருக்கோ காட்டவேண்டும் என்று என் பானை ஆறு எடுத்துப்போனாயே, அவை எங்கே?

பெரியவர் நலமாக இருக்கிறார். நீயும் நலமாக இரு.

மாசோண்டி


ஹௌவிக்,
2 ஏப்ரல் 1999

அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்கு மருந்துக்கடைத் தைலம் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

பானைகள் பத்திரமாக இருக்கின்றன. கண்ணாடி அலமாரியில். கவலை வேண்டாம்.

நேற்று சூளை திறந்தோம். என் பெரிய பானைகள் நான்கும் வெடித்துச் சில்லு சில்லாகக் கிடந்தன. எல்லார் முன்னாலும் மானம் போயிற்று. நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன், அண்ணி. அப்படியானால் கோளாறு சாக்கில்தான். நேராகவே கேட்கிறேன், சரளை கலந்து அனுப்பினீர்களா?

மறுபடி இரண்டு சாக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை சுத்தமாக.

பஜபுலிலே


துகேலா ஃபெரி,
11 ஏப்ரல் 1999

பஜபுலிலேவுக்கு,

பெரியவர் நலம். தைலம் எரிகிறது என்கிறார், ஆனாலும் மகள் அனுப்பியது என்று தடவிக்கொள்கிறார்.

சரளை கலந்தேனா! உன் வாய் வேகாதா? பதினான்கு வருடமாக அந்தக் குழியில் இறங்குகிறேன். என் மேல் எனக்குக் கோபம் வந்த நாளில்கூட உம்னெதோவில் ஒரு சிறுகல் விட்டதில்லை. சாக்கு உனக்கு மார்ச் எட்டாம் தேதியே கிடைத்ததாக மூசி சொன்னான். அதற்குள் நான்கு பெரிய பானை எழுப்பி, காய்ந்து, சூளையும் ஏறியாயிற்று என்றால் எத்தனை நாள் தூங்க விட்டாய்? இரண்டா, மூன்றா? அவசரப்பட்டவள் நீ, பழி என் சாக்கின் மேலா?

இரண்டு சாக்கு வருகிறது. சலித்தே அனுப்பியிருக்கிறேன்.

கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன என்றாய். யாருடைய பானை என்று அந்த அலமாரியில் எழுதியிருக்கிறது? இதற்குப் பதில் எழுது.

நலமாக இரு.

மாசோண்டி


துகேலா ஃபெரி,
30 மே 1999

பஜபுலிலேவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறாய் என்று பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

கடைக்காரர் கூப்பிட்டு, "உங்க வீட்டுப் பொண்ணு போட்டோ வந்திருக்கு பாரு, மாசோண்டி"ன்னு காட்டினார். நீ சிரிக்கிறாய். பின்னால் என் பானைகள் ஆறும் வரிசையாக நிற்கின்றன. கடைசியில் இருப்பது உன் அண்ணன் செத்த மாசம் நான் எழுப்பியது. வாய் கொஞ்சம் கோணலாக இருக்கும், அப்படியே விட்டுவிட்டேன். கீழே "இளம் கலைஞர் பஜபுலிலே மச்சுனுவின் பானைகள்" என்று போட்டிருக்கிறான். அந்த ஆறையும் காட்டித்தான் அங்கே இடம் பிடித்தாய் என்று இப்போது புரிகிறது. கடைக்காரர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. சர்க்கரை வாங்காமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். அப்போதுதான் சிரிப்பு வந்தது. "எங்கள் வீட்டுப் பெண்கள் களிமண்ணை உம்னெதோ என்போம், மழையில் நனைந்தது என்று பொருள்" என்று பேட்டி கொடுத்திருக்கிறாய். அடி பைத்தியக்காரி! அது உன் சொல்லா?

நான் மருமகளாக வந்த மூன்றாம் நாள் உன் அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னது மறந்துவிட்டதா? நீயும் அங்கேதான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். "இந்த மண்ணோட பேருக்குள்ள உன் மாமனார் பேரு உக்காந்திருக்கு. மருமக வாயில அது வரக்கூடாது. நான் உனக்கு வேற சொல்லு தர்றேன்"னு கொடுத்த சொல் அது. பானைக்காரியாக வந்தவள் தான் தொடுகிற பொருளின் பேரைச் சொல்லக்கூடாது என்று ஆயிற்று. பதினான்கு வருடம் சொல்லவில்லை. கனவில்கூடச் சொன்னதில்லை. ஆனால் நீ அவர் பெற்ற பெண். பால்பல் முளைத்ததிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்லி விளையாடியவள். நீ எதற்கு உம்னெதோ என்கிறாய்? எவன் வீட்டு மருமகள் நீ?

என் கடிதத்தை எடுத்து அப்படியே ஒப்பித்திருக்கிறாய். வாயால் சொல்வதுபோல் எழுதச் சொன்னது இதற்குத்தானா?

கண்காட்சிக்கு முன்னால் அந்த ஆறு பானையும் யார் செய்தது என்று நீயே சொல்லிவிடு. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். என் பேரைச் சொல்.

பெரியவர் நலம்.

மாசோண்டி


ஹௌவிக்,
9 ஜூன் 1999

மாசோண்டிக்கு,

நலம்.

எதற்கு இவ்வளவு கூச்சல்? இங்கே இருப்பவர்களில் யாருக்கு அந்தச் சொல் தெரியும்? அழகான சொல் என்று எல்லாரும் பாராட்டினார்கள். என் கண்காட்சிக்கே அதைத்தான் பேராக வைத்து, நோட்டீஸ் அச்சடித்தாயிற்று.

நீ யோசித்துப் பார். நீ இங்கிலீஷ் பேசுவாயா? விண்ணப்பம் எழுதுவாயா? அந்தப் பானைகள் உன்னிடம் இருந்தால் கோழி அடைகாத்திருக்கும். நான் கொண்டுவந்ததால்தான் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். நான் பும்பானி மச்சுனுவின் மகள், குழி எங்களுடையது. அண்ணன் போன பிறகும், பிள்ளை இல்லாத உன்னை அப்பா அந்த முற்றத்தில் வைத்திருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு பேசு.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். மற்றதை அவரே சொல்வார்.

பஜபுலிலே மச்சுனு


துகேலா ஃபெரி,
20 ஜூன் 1999

பஜபுலிலேவுக்கு,

'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெரியவர் என்னை மாட்டுக்கொட்டிலுக்கு வெளியே நிறுத்தினார்.

"அந்தப் பானை யாரோடது?"

"நான் செஞ்சது, அப்பா."

"எந்தக் குழியில வெட்டின?"

"உங்க குழியில."

"எந்த முத்தத்துல சுட்ட?"

"உங்க முத்தத்துல."

"அப்போ யாரோடது?"

"கை யாரோடது, அப்பா?"

தடியைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். "பதினோரு மாடு பரிசமா ஓட்டிவிட்டு நாங்க கொண்டாந்த கை. அவ என் ரத்தம். நீ வந்தவ. வந்தவ வாயை மூடிட்டு இரு."

சரி, மூடிக்கொண்டேன். கை மட்டும் பிறந்த வீட்டில் கற்றுக்கொண்டு வந்தது. மாடு வாங்கியபோது என் அப்பா அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார் போல.

பெரியவர் நலமாக இருக்கிறார். ரொம்ப நலமாக.

மாசோண்டி


ஹௌவிக்,
28 ஜூன் 1999

முகம் பார்த்திராத அக்கா மாசோண்டிக்கு,

இங்கே சமையல் செய்கிற மாங்குபானே எழுதுகிறேன். எனக்குச் சுகம், உங்களுக்கும் சுகமாக இருக்கட்டும். உங்கள் விலாசம் உங்கள் நாத்தனார் குப்பையில் போட்ட கடித உறையில் கிடைத்தது. குப்பை கொட்டுவது நான்தான், மன்னிக்க வேண்டும்.

சனிக்கிழமை ஊர்க்காரர்களை எல்லாம் கூப்பிட்டு இங்கே பேச்சு நடந்தது. உங்கள் நாத்தனார் பானைக்குப் பக்கத்தில் நின்று உம்னெதோ இப்படி, உம்னெதோ அப்படி என்று ஜூலுவிலும் இங்கிலீஷிலும் பொரிந்து தள்ளினாள். நான் டீத்தட்டோடு நின்றிருந்தேன். அந்த மாதிரி சொல்லைக் கேட்டால் எனக்குத் தெரியாதா? நானும் இருபது வருடமாக மாமனார் பேருக்குப் பயந்து தண்ணீரை வேறு பேரில்தான் கேட்கிறேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"தங்கச்சி, கல்யாணம் ஆயிடுச்சா? சொல்லவே இல்லையே. யார் பேரை மறைச்சுப் பேசுற?"ன்னு கேட்டேன்.

பின்வரிசைப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இவள் முகம் சாம்பலாகப் போயிற்று. "இது... எங்க அண்ணியோட சொல்லு"ன்னு வாயிலிருந்து வந்துவிட்டது. "அப்போ பானை யாரோடது?"ன்னு ஒரு கிழவி கேட்டாள். இவள் நோட்டீஸை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சமையலறையில் இவளுக்கு 'புதுப்பொண்ணு' என்றுதான் பேர்.

இயக்குநர் ஹெஸ்டர் அம்மாள் என்னிடம் விளக்கம் கேட்டார்கள், சொன்னேன். ஒருத்தி சொல்வதை வைத்து முடிவு செய்ய மாட்டார்களாம். 24ஆம் தேதி நீங்களே வந்து, எல்லார் முன்னாலும் ஒரு பானை செய்து காட்டிப் பேச வேண்டுமாம். மூசியின் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. வாங்க அக்கா. கோழிக்குழம்பு வைக்கிறேன்.

மாங்குபானே


ஹௌவிக்,
5 ஜூலை 1999

மாசோண்டிக்கு,

நீ வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். வா, தாராளமாக வா. ஒன்று மட்டும் யோசித்துக்கொள்.

பானை செய்வாய். அதை நானும் செய்வேன் என்று சொல்வேன், எனக்கு இப்போது கை ஓரளவு பழகிவிட்டது. அப்புறம் இது என்ன மண், உங்கள் வீட்டில் இதற்கு என்ன பேர் என்று ஹெஸ்டர் கேட்பார்கள். எல்லாரையும் கேட்பார்கள். நீ உம்னெதோ என்றால், நோட்டீஸில் என் பேருக்குக் கீழே அச்சாகியிருப்பதை நீ படித்து ஒப்பிக்கிறாய் என்றுதான் நினைப்பார்கள். அச்சில் முந்தியவள் நான்.

உண்மையான பேரைச் சொன்னால் நல்லது, சொல்லு. நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்கு வந்துவிடும். மாமனார் பேரைச் சந்தையில் போட்டு உடைத்த மருமகளுக்கு மச்சுனு முற்றத்தில் பாய் விரிக்க இடம் இருக்காது. பிறந்த வீட்டிலும் யாரும் இல்லை உனக்கு.

ஆகவே வராமல் இருப்பதுதான் புத்தி.

பஜபுலிலே


துகேலா ஃபெரி,
12 செப்டம்பர் 1999

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இங்கே மூச்சோடு இருக்கிறோம், நீங்கள் எப்படியோ. உங்கள் எதிரே உட்கார்ந்து பானை செய்யப் பயந்து, நான் கண்காட்சிக்கு முந்தின நாளே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா என்னிடம் அதிகம் பேசுவதில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது.

அடுத்த மாதம் கடைசி வாரம் அண்ணன் பலாகேவின் ஆவியை வீட்டுக்கு அழைக்கும் சடங்கு. மாடு பார்த்தாயிற்று. ஆனால் கள் வைக்கப் பெரிய பானை இல்லை. பழையது விரிசல் விட்டுவிட்டது. நான் இரண்டு செய்து பார்த்தேன். ஒன்று சரிந்தது, ஒன்று வெடித்தது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வாளியில் அண்ணனுக்குக் கள் வைத்தால் ஊர் சிரிக்கும் என்கிறார் அப்பா.

அன்றைக்கு நீங்கள் எந்தச் சொல்லைச் சொன்னீர்கள் என்று இங்கே ஆளுக்கு ஒரு பேச்சு. மூசி வண்டியிலேயே இருந்தானாம், கேட்கவில்லை என்கிறான். அப்பா என்னைக் கேட்டு எழுதச் சொன்னார். சொன்னீர்களா, இல்லையா? சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், நம்புவார். அப்புறம் நீங்கள் பானையோடு வந்து, உங்கள் இடத்தில் உட்காரலாம்.

நடந்ததை மனதில் வைக்காதீர்கள், அண்ணி.

உங்கள் பஜா


ஹௌவிக்,
3 அக்டோபர் 1999

பஜபுலிலேவுக்கு,

நான் மூச்சோடு இருக்கிறேன். நீ இருந்த அறைதான், ஜன்னலைத் திறந்தால் மாங்குபானேயின் சமையல் வாசனை வருகிறது. என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஒரு வருடம் இங்கேதான். ஆறு பானைக்கும் கீழே இப்போது என் பேர் இருக்கிறது.

மனதில் வைக்காதே என்கிறாய். வைத்துத்தான் இருக்கிறேன். என் பானையைத் திருடினாய், என் கடிதத்தைத் திருடினாய், கடைசியில் உன் அம்மா என் வாய்க்குப் போட்ட பூட்டையும் திருடி, நகை என்று கழுத்தில் மாட்டிக்கொண்டாய். மற்ற இரண்டையும்விட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீயும் அவரும் கேட்கிறீர்கள். சொல்கிறேன். பானையை இடுப்புவரை எழுப்பியிருந்தேன். ஹெஸ்டர் அம்மாள் இந்த மண்ணுக்கு என்ன பேர் என்று கேட்டார்கள், மாங்குபானே அந்தக் கேள்வியை ஜூலுவில் எனக்குச் சொன்னாள். நாக்கு நுனியில் உம்னெதோதான் இருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் உன் நோட்டீஸைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான் சொன்னதும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள். அந்தச் சொல்லை என்னால் இனிமேல் சொல்ல முடியாது என்று அப்போது தெரிந்தது. நீ வாயில் போட்டு மென்றுவிட்ட சொல் அது. உள்ளே ஒரு விரலை வைத்து ஒரு மருவைக் கிள்ளி எடுத்தேன். அப்புறம் சொன்னேன்.

இபும்பா.

பதினான்கு வருடத்துக்குப் பிறகு அது என் வாயில் எப்படி இருந்தது தெரியுமா? சின்னப் பிள்ளையில் தெரியாமல் தின்று பார்த்த மண்மாதிரியே இருந்தது. மாங்குபானே கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பலாகேவுக்குப் பானை வருகிறது, மூசியின் வண்டியில், வைக்கோல் சுற்றி. அவர் நல்ல மனுஷன், பிளாஸ்டிக் வாளியில் குடிக்கவேண்டியவர் இல்லை. நான் வரமாட்டேன். கூடவே ஒரு குடிப்பானையும் வைத்திருக்கிறேன். அதன் அடியில், நீங்கள் கூப்பிடுகிற மாசோண்டியாக இல்லாமல் என் அப்பா வைத்த பேரில், கொட்டை எழுத்தில் "கோம்பிசிலே சோண்டி செய்தது" என்று சுடுவதற்கு முன்னாலேயே கீறிவிட்டேன், தேய்த்தாலும் போகாது. வீட்டுத் தலைவர்தானே முதலில் குடிக்க வேண்டும்? அவர் இரண்டு கையாலும் தூக்கிக் குடிக்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் படிக்கலாம்.

அவர் கேட்ட ஒரு வரியும் எழுதிவிடுகிறேன். வழக்கமாக நலம் விசாரிக்கிற வரிதான்.

பும்பானி நலமா?

கோம்பிசிலே சோண்டி